உன் அம்மா தேர்தலில் நின்ற கதை

ஜோர்ஜ்டவுன், பினாங்கு.

அன்பு மகள் லோகேஸ்வரிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், எனக்கு முட்டிவலி மட்டும் மழை வந்தால் கூடவே வருகிறது, நீயும் மாப்பிள்ளையும் ஆக்லாந்துக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க முருகன் பார்த்துக்கொள்ளட்டும். தேர்தல் என்ன ஆயிற்று என்று நீ போனில் கேட்டதற்கு, "தோத்துட்டேன்லா, அவ்ளோதான்" என்று அம்மா வைத்துவிட்டாளாமே. அவ்வளவுதான் இல்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பட்டர்வொர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய நாளிலிருந்து முப்பத்தொரு வருஷம் நான் தொழிலாளர் ஐக்கியக் கட்சி என்பது உனக்குத் தெரியும், பல்சக்கரச் சின்னத்தை நான் ஒட்டாத சுவர் நம் வட்டாரத்தில் இல்லை. இடைத்தேர்தல் என்றதும், இந்தத் தடவையாவது உழைக்கிற ஆளை நிறுத்துங்கள் என்று கிளைத் தலைவர் என்ற முறையில் தலைமையகத்துக்கு எழுதினேன், யாரை மனத்தில் வைத்து எழுதினேன் என்பதை நீயே ஊகித்துக்கொள். அவர்கள் கோலாலம்பூரிலிருந்து ராம்நாத் என்ற வக்கீலை அனுப்பினார்கள். தங்கமான பிள்ளை, தொழிலாளர் உரிமை பற்றி லண்டனில் படித்தவராம். நம் பிளாட்டுக்கு ஓட்டுக் கேட்க வந்தவர், லிஃப்ட் பழுது என்றதும் கீழேயே நின்று ஒன்பதாவது மாடியிலிருந்த தொழிலாளர் வர்க்கத்துக்குக் கையசைத்துவிட்டுக் காரில் ஏறிவிட்டார். வந்த கோபத்தில் கட்சி அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அம்மா உட்பட இருபத்து மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு உழைப்போர் கட்சிக்குப் போனேன். அவர்கள் எங்களிடமிருந்து பிரிந்து போனவர்கள், சைக்கிள் சின்னம், முந்தின வாரம்வரை அவர்களைத் துரோகிகள் என்று மைக்கில் திட்டியவன் நான்தான். அவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, டீ கொடுத்தார்கள்.

வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்துக்குப் பூப்போட்ட புது பாத்தேக் சட்டை போட்டு, ஏற்புரையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனேன். அம்மாவோடு துப்புரவு வேலை செய்யும் காமாரியா எழுந்து, அண்ணன் ஓய்வுபெற்று ஆறு வருஷமாகிறது, மத்தியானத்தில் தூங்குகிறார், இன்னும் வாளி தூக்குகிற ஆள் அவர் வீட்டிலேயே இருக்கும்போது எதற்கு அவர் என்று மலாயில் கேட்டுவிட்டாள். இருபத்தொரு கைகள் அம்மாவுக்கு உயர்ந்தன. "ஐயோ, எனக்கு மேடையெல்லாம் வேணாம்லா" என்றவள், மேடைக்குப் போய், "பதினாறு வருஷமா ஒரே கட்டடத்தக் கூட்டறேன். மூணு வருஷத்துக்கு ஒருக்கா குத்தகைக் கம்பெனி மாறுது, உடனே நாங்க புது ஆளு, லீவு மறுபடியும் வருஷத்துக்கு எட்டு நாளு. கல்யாணப் பொண்ணுகூட ஒரு வாரந்தான் புதுசு, நான் பதினாறு வருஷமா புதுசாவே இருக்கேன்" என்றாள். சிரிப்பு அடங்கவே ஐந்து நிமிடம் ஆனது. என் ஏற்புரை பையிலேயே இருந்தது. முப்பத்தொரு வருஷம் மைக் பிடித்த எனக்குப் பிரச்சாரத்தில் கிடைத்த வேலை அம்மாவைப் பின் சீட்டில் ஏற்றிக் கெரெத்தா ஓட்டுவது, அதிலும் மெதுவாகப் போகச் சொல்லித் திட்டு.

இனி எழுதுவதைப் படித்துவிட்டுச் சிரிக்காதே. வாக்களிப்பு நாளன்று சீட்டை விரித்தேன், அம்மா பெயர் மூன்றாவதாக இருந்தது, பார்த்தேன், பேனாவை எடுத்தேன். முப்பத்தொரு வருஷப் பழக்கம் கைக்கு, லோகா. நான் நிமிர்வதற்குள் அது பல்சக்கரத்துக்குப் போட்டுவிட்டது. வேறு சீட்டுத் தரமுடியுமா என்று கேட்கவும் வெட்கம். அம்மாவுக்கு அறுநூற்று நாற்பது ஓட்டு, மூன்றாவது இடம், ராம்நாத் ஜெயித்தார். மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன், நான்காம் நாள் சாப்பாட்டு நேரத்தில் உண்மையைச் சொல்லிவிட்டேன். ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியைச் சட்டியிலேயே வைத்துவிட்டு எழுந்து போனாள். இரண்டு நாள் ரசத்தை நானே ஊற்றிக்கொண்டேன். மூன்றாம் நாள் முதுகைக் காட்டியபடி, "திங்கக்கெழம காலையில கட்டடத்துக்கு முன்னுக்கு மறியல். பேனர் புடிக்க ஆள் பத்தல, வந்துடுங்க" என்றாள்.

நான் ஒரு கழியைப் பிடித்தேன். எட்டு மணிக்கு ராம்நாத் படம் எடுக்கிற ஆளோடு வந்து இறங்கினார், அம்மா நேரே போய் இன்னொரு கழியை அவர் கையில் கொடுத்தாள். "இந்தப் போராட்டத்தை நான்..." என்று அவர் ஆரம்பித்தார். "தம்பி, நீங்க நல்லா புடிங்க, நாங்க பேசிக்கிறோம்" என்றாள். நான் இருமினேன், "உங்களுக்கும் அதுதான்" என்றாள். இரண்டு மணி நேர வெயில், டையை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டார் பாவம், கழியைத் தோளில் சாய்த்துப் பிடிக்க நான்தான் சொல்லிக் கொடுத்தேன். கடைசியில் குத்தகைக் கம்பெனி மேலாளர் வெளியே வந்தார், அங்கே துப்புரவு செய்யும் முப்பத்தொரு பெண்களும் மூன்று மொழியில் ஒரே நேரத்தில் பேசினார்கள். வியாழக்கிழமை அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள், இனிமேல் பழைய சேவையும் கணக்கில் சேரும். மறுநாள் ராம்நாத் எனக்குப் போன் செய்து, "அங்கிள், அடுத்த வாரமும் நான் வரணுமா?" என்று மெதுவாகக் கேட்டார். அதை என்னிடம் கேட்டுப் பயனில்லை தம்பி என்றேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையிடம் அவர் கட்சியைப் பற்றிச் சண்டை போடாதே, இரண்டு பேரும் நூறு வருஷம் ஒற்றுமையாக நன்றாக இருங்கள். ஒன்று மறக்காதே, அம்மாவுக்கு இப்போது வருஷத்துக்குப் பதினாறு நாள் லீவு, டிசம்பரில் உன்னிடம் வருகிறாளாம், விருந்தாளி அறையைத் தயார் செய்து வை. எனக்கும் டிக்கெட் போடட்டுமா என்று கேட்டேன். கிளைக் கூட்டத்தில் வைத்து முடிவு சொல்கிறேன் என்றிருக்கிறாள்.

முடிவுக்காகக் காத்திருக்கும் உன் அப்பா,
முனுசாமி