வீங்குவதற்கு விட்ட இடம்

பதிவு 41. காலை 9.10
சுற்றுப்பாதைச் சோதனைக்கூடம். ஆள்: நான் மட்டும், சுகிர்தா. வேலை: போன் பேட்டரி. தரையில் வைத்துச் சோதிக்க எந்த ஊரும் இடம் தரவில்லை, என்னை மேலே அனுப்பிவிட்டார்கள்.

போனில் எல்லாம் மாறியும் பேட்டரி மட்டும் அப்படியே இருக்கிறதே என்று எங்களைத் திட்டுகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். லித்தியம் தன் எல்லையை நெருங்கி வருஷக்கணக்காகிறது. நாங்கள் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் திரையும் கேமராவும் தின்றுவிடும். மிச்சத்தை மெலிசாக்குகிறேன் என்று கம்பெனி வெட்டிவிடும்.

இந்தப் புது சிலிக்கான் செல் இரண்டு மடங்கு மின்சாரம் பிடிக்கிறது. சார்ஜ் ஏறும்போது வீங்கும். அதற்குச் செல்லுக்கு மேலே இடைவெளி விட்டிருக்கிறேன். எல்லாம் சரி.

பதிவு 42. பகல் 12.30
தரைநிலையம் என்பது மேனேஜர் பரஞ்சோதியின் போன்தான். தனியாக வைத்தால் செலவாம்.

"அந்த இடைவெளியை எடுத்துடுங்க மேடம். மெலிசா இருந்தாத்தான் விக்கும். இடைவெளி இல்லாத சாம்பிள் போனை என் பொண்ணுக்கே குடுத்திருக்கேன். காலையிலேர்ந்து கேம் ஆடுறா, இன்னும் சார்ஜே போடல."

வெடிக்கும் என்றேன். சிரித்தார். அங்கிருந்தே பட்டனைத் தட்டி, இடைவெளியே இல்லாதபடி செல்கள் மேல் அழுத்துகிற தகட்டை இறக்கி, சார்ஜையும் போட்டுவிட்டார். நிறுத்துகிற ஸ்விட்சும் அவர் போனில்தான். நிறுத்தச் சொல்லிக் கத்தினேன்.

"என் போன்ல சார்ஜ் தீரப்போகுது மேடம். வீட்டுக்குப் போய்ப் பேசறேன்."

பதிவு 43. 1.05
ஒன்று வெடித்தது. பக்கத்தில் இருந்ததும். பிறகு அலமாரி முழுக்க. அறையைப் பூட்டிவிட்டு மீட்புக்கலத்துக்குள் வந்துவிட்டேன். கூடத்தில் மின்சாரம் இல்லை. இடது கை வெந்துவிட்டது. பரஞ்சோதி, நீ நாசமாகப் போ.

மிச்சம் ஒரே பேட்டரி, இடம் விட்டு நான் கட்டியது. கலத்தைக் கிளப்பலாம். அல்லது பரஞ்சோதிக்கு ஒரு தடவை போன் பேசலாம். இரண்டுக்கும் போதாது.

நான் கீழே இறங்கிச் சொல்வதற்குள் அவர் பெண் அந்த சாம்பிள் போனில் சார்ஜரைச் சொருகியிருப்பாள்.

பதிவு 44. 1.20
அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவள் அப்பனை எனக்குப் பிடிக்காது. பேட்டரியைப் போனுக்குக் கொடுத்துவிட்டேன். கலம் இனிக் கிளம்பாது.

பரஞ்சோதியின் போனுக்கு ரிங் போகவில்லை. காதில் விழுவதை அப்படியே எழுதுகிறேன், இதை எடுத்துப் படிப்பவருக்காக:

"நீங்கள் தொடர்புகொள்ளும் வாடிக்கையாளர் தனது மொபைலை ஸ்விட்ச் ஆஃப் செய்து வைத்துள்ளார். தயவுசெய்து சிறிது நேரம் கழித்து