வீட்டு வானில் ஒரு கொமட்

மே 27, செவ்வாய்

சோழகக் காற்று விடியவே தொடங்கிவிட்டது. நேற்றுக் கழுவிய வான் வண்டி மீது மறுபடியும் புழுதி. ஊர்ச் சனம் இதற்கு 'வீட்டு வான்' என்று பெயர் வைத்தாயிற்று. கட்டில், அடுப்பு, குளிர்பெட்டி, கொமட் வைத்த கக்கூஸ், எல்லாம் உள்ளே. வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விட்ட வான். அந்த வியாபாரம் படுத்ததும் என் மனைவி யோகத்தின் தம்பி குகன் கனடாவில் இருந்தபடியே போனில் பார்த்து வாங்கிவிட்டான், ஆவணியில் பிள்ளைகளோடு வந்து சுற்றுவதற்கு. அதுவரைக்கும், "நீங்கள் பாவியுங்கோ அத்தான்."

பாவிக்க என்ன இருக்கிறது என்று இன்று பார்த்தேன்.

தண்ணீர்த் தாங்கி - வெடிப்பு.
தண்ணீர் மோட்டர் - சத்தம் வரும், தண்ணீர் வராது.
பற்றறி - செத்துவிட்டது.
குளிர்பெட்டி - எலிக்கூடு, குஞ்சுகளோடு.
காஸ் அடுப்பு - ரெகுலேட்டர் இல்லை.
கொமட் - கீழ்ப்பெட்டி ஒழுக்கு.

கடைசியாக எழுதியதுதான் முதலில் செய்ய வேண்டியது. யோகத்துக்குக் குந்த ஏலாது. வலது கால் யுத்தத்தில் செல் பட்டுப் போனது, தொடையில் இருந்து பொய்க்கால். பஸ்ஸில் மட்டக்களப்புக்குப் போவதென்றால் பாதி நாள். வழியில் எல்லாம் குந்துகிற கக்கூஸ். பற்றைக்குள் போகிற கதையே இல்லை. மகள் தர்சி மட்டக்களப்பில் கலியாணம் செய்து போனதில் இருந்து அவள் வீட்டு வாசலை யோகம் கண்டதில்லை. தலைப்பிள்ளைப்பேறு இங்கே நடந்திருக்க வேண்டும். டொக்டர் பயணம் கூடாது என்றுவிட்டார். பேரன் பிறந்து இரண்டு கிழமை, போனில்தான் முகம் பார்த்தோம். பிள்ளை பெற்றவளுக்கு மருந்துச் சரக்குத் தண்ணீர் வைத்துக் கொடுப்பதும் சம்பந்தி அம்மாதான். யோகம் அதைப்பற்றி வாய் திறப்பதில்லை. திறக்காததுதான் எனக்குப் பயம்.

ஜூன் 11 பேரனுக்கு முப்பத்தோராம் நாள், தீட்டுத் துடக்குக் கழிவு. அதற்குள் வான் ஓட வேண்டும்.

தர்சி இரவு போனில்: "அம்மா வருவாவோ அப்பா?"

யோகம் பக்கத்தில் இருந்து கையை ஆட்டினாள், சொல்ல வேண்டாம் என்று. "பாப்பம் பிள்ளை" என்றேன்.

மே 28, புதன்

வவுனியா. பஸ்ஸில் நின்றபடி. வெயில் மண்டையைப் பிளந்தது.

பற்றறி வாங்கியாயிற்று. கொமட்டின் கீழ்ப்பெட்டிக்கு வேண்டியது ஒரேயொரு இறப்பர் வளையம். ஏறாத கடை இல்லை. ஒரு கடைக்காரர் படத்தைப் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"வானுக்குள்ளயோ கொமட்?"

"ஓம்."

"ஓடேக்கயோ இருக்கிறது?"

கடையில் நின்றவர்கள் எல்லாருக்கும் சிரிப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே வந்து மோர் குடித்தேன். மோரும் புளிப்பு.

வரும் வழியில் யோசனை: ட்ராக்டர் ரியூப்.

மே 30, வெள்ளி

பழைய ரியூப்பை வெட்டி வளையம் செய்தேன். மூன்று தரம் பிழைத்தது. நாலாவது பொருந்தியது. தண்ணீர் நிரப்பிப் பகல் முழுக்க விட்டேன், ஒரு சொட்டு இல்லை. நெடுங்கேணியில் இத்தனை வருடம் ரேடியோ, டீவி திருத்திய கை சும்மாவா.

தாங்கிக்குப் பைபர் பசை பூசினேன். காய்ந்ததும் பக்கத்திலேயே இன்னொரு வெடிப்பு. மேலும் பூசினேன்.

வான் வாங்கின கையோடு குகன் கப்பலில் போட்ட பெட்டி பின்னேரம் வந்தது. சொக்கலேற், சவர்க்காரம், துவாய். அடியில் வானுக்குச் சாமான்: புதுக் குளிர்பெட்டி, பற்றறி சார்ஜர், காஸ் ரெகுலேட்டர். யோகம் சவர்க்காரத்தை மணந்து பார்த்துவிட்டு அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். நான் சார்ஜரைக் கட்டிப்பிடிக்காத குறை.

மே 31, சனி

சார்ஜர் எரிந்துவிட்டது.

செருகினேன், 'டப்'. பிறகு புகை. பிறகு மணம். யோகம் குசினியில் இருந்து, "இஞ்சேருங்கோ, என்ன கருகுது?"

கனடாச் சாமான். நூற்றுப்பத்து வோல்ட். அடியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. வெளிநாட்டில் இருந்து சனம் கொண்டுவந்த டீவியெல்லாம் இப்படி எரித்துவிட்டு என் கடைக்கு வரும்போது, "செருக முதல் வாசிக்கத் தெரியாதோ?" என்று ஏசி அனுப்பியவன் நான். புதுச்சாமான் கண்ட பரபரப்பில் என் கண் எங்கே போனது?

யோகத்திடம் வயர் பிழை என்று சொன்னேன். நம்பினாளோ தெரியாது.

குளிர்பெட்டியின் அடியைப் பார்த்தேன். அதுவும் நூற்றுப்பத்து. நல்ல காலம், செருகவில்லை.

ஜூன் 2, திங்கள்

ரெகுலேட்டர் சிலிண்டரில் ஏறவில்லை. அந்த நாட்டுத் திருகுமரை வேறு, எங்கள் நாட்டு மரை வேறு. குகன் வீடியோவில் வந்தான். அவனுக்கு விடியப்புறம், தலை கலைந்து நிற்கிறான்.

"அத்தான், இடப்பக்கம் திருப்பினீங்களோ?"

"எல்லாப் பக்கமும் திருப்பியாச்சு."

"மெல்ல அமத்திப் பாருங்கோவன்."

"அமத்தினா வீடு பறக்கும்."

பிறகு சூரியத் தகடு பற்றி ஒரு பிரசங்கம். கூரையில் ஒன்று பூட்டினால் எவ்வளவு நல்லது, அங்கே எல்லாரும் அப்படித்தான். ஓம் ஓம் என்று கேட்டு வைத்தேன்.

யோகம் வான் கதவடியில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள். இவ்வளவு நாளில் முதல் தடவை.

"அடுப்புக்குப் பக்கத்திலயோ கக்கூஸ்?"

"வெள்ளைக்காரன் அப்பிடித்தான் கட்டியிருக்கிறான்."

"பிள்ளை பெத்தவளுக்குச் சரக்கு உதில காச்சிறதோ? கோயில் பக்கம் கொண்டுபோகவும் ஏலாது உந்த வானை."

இடம் இருக்கிற இடத்தில்தான் வைக்கலாம் என்று விளங்கப்படுத்தினேன். போய்விட்டாள். இடைவெளியை அளந்தேன். ஒரு பலகை அடித்துப் பிரிக்கலாம்.

ஜூன் 4, புதன்

இரும்பு ஒட்டுவேலை செய்கிற முத்து ஒருவழியாக வந்தான். மலைநாட்டில் இருந்து சின்ன வயதில் குடும்பத்தோடு இங்கே வந்து குடியிருப்பவன். கை நல்லது, வருகிற நாள்தான் தெரியாது. யோகம் ஏறுவதற்கு இரும்புப் படியும், பிடித்துக்கொள்ளக் கம்பியும் பூட்ட வேண்டும்.

வந்தவன் வேலையைத் தொடாமல் வானை ஒரு சுற்றுச் சுற்றினான்.

"அண்ணே, கக்கூசு ஈசான மூலையில இருக்குங்களே. ஆகாதுண்ணே."

"வான் திரும்பினா மூலையும் திரும்பும் முத்து."

யோசித்தான். "அப்ப நிப்பாட்டுறப்ப பாத்து நிப்பாட்டணும்."

தலையில் அடித்துக்கொண்டேன். அளவு எடுத்தான். எடுத்துவிட்டு, "பொங்கல் முடிஞ்சு வந்துர்றேண்ணே. வத்தாப்பளைல தண்ணிப்பந்தலுக்குத் தகரம் அடிக்கணும், அம்மன் வேலை" என்றான்.

வற்றாப்பளை அம்மன் பொங்கல் திங்கட்கிழமை. நாங்கள் வெளிக்கிட வேண்டியது செவ்வாய் விடிய. அம்மன் வேலை என்றவனிடம் என்னத்தைச் சொல்லுவது? போ என்றேன். படியும் கம்பியும் சின்ன வேலை. கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

ஜூன் 5, வியாழன்

மோட்டரைக் கழற்றினேன். உள்ளே குளவிக்கூடு. குளவி மண் வீடு கட்ட வன்னி முழுக்க இடம் கிடைக்கவில்லை. துப்புரவாக்கிப் பூட்டினேன், தண்ணீர் வருகிறது! இரண்டு வெளிச்சம் எரிகிறது, காற்றாடி சுற்றுகிறது. கொழும்பில் இருந்து எடுப்பித்த உள்ளூர் ரெகுலேட்டரும் ஏறிவிட்டது. அடுப்பு நீலமாக எரிகிறது. வானுக்குள் தேத்தண்ணீர் வைத்துக் குடித்தேன், ராசா மாதிரி.

யோகத்துக்கும் ஒரு கோப்பை கொண்டுபோய்க் கொடுத்தேன். எங்கே வைத்தது என்று கேட்டாள். சொன்னேன். கோப்பையை அப்படியே வைத்துவிட்டாள்.

ஜூன் 7, சனி

எழுதவே மனம் இல்லை.

காலையில் யோகத்தைக் கூப்பிட்டேன், ஏறிப் பார்க்க. படி இல்லை. சோடாப் பெட்டியைக் கவிழ்த்து வைத்து, என் தோளைப் பிடித்து ஏறினாள். மூச்சு வாங்கினாள். காற்றாடி, வெளிச்சம், குழாய் என்று ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினேன். தலையை ஆட்டினாள். பிறகு கொமட்டில் இருந்தாள்.

பொய்க்கால் மடங்காது. இருக்கும்போது நீட்டித்தான் வைப்பாள். கதிரையில் இருந்தாலும் கட்டிலில் இருந்தாலும் அப்படித்தான். நீட்டிய கால் அடுப்புப் பெட்டியில் போய் இடித்தது. சரித்துப் பார்த்தாள், கக்கூஸ் கதவு காலில் முட்டியது. கதவு சாத்த ஏலாது. நான் வெளியே நிற்கிறேன், அவள் உள்ளே சீலையை இழுத்து மூடிக்கொண்டு, கதவுக்கு வெளியே கால்.

"எல்லாத்தையும் அளந்தீங்கள். என்ர காலை அளந்தீங்களோ?"

சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருக்கலாம்.

நான்தான் போட்டேன். பத்து நாளாக நாய் மாதிரி அலைகிறேன், நீ ஒரு சொல் சொன்னாயா, முதலே வந்து பார்த்திருக்கலாமே, இன்னும் என்னென்னவோ. பக்கத்து வளவில் வேலியோடு ஆள் நிற்கிறது தெரிந்தும் கத்தினேன்.

"சொன்னனான்தானே, அடுப்புக்குப் பக்கத்தில எண்டு. நீங்கள் பலகை அடிக்கப் போனீங்கள்" என்றாள். இறங்கும்போது என் தோளைப் பிடிக்கவில்லை, கதவைப் பிடித்து இறங்கினாள். "நான் வரேல்லை. நீங்கள் போய்ப் பேரனைப் பாத்திட்டு வாங்கோ."

குசினிக் கதவு சாத்திக்கொண்டது.

வெட்கமாக இருக்கிறது. அந்தப் பொய்க்காலை இரவில் கழற்றிச் சுவரில் சாத்தி வைப்பதே நான்தான். அதன் நீளம் எனக்குத் தெரியாதா? சூரியத் தகட்டின் நீளம் வரைக்கும் தெரியும்.

ஜூன் 8, ஞாயிறு

அடுப்புப் பெட்டியைப் பிடுங்கினேன். அடுப்பு, கை கழுவுகிற தொட்டி, பலகை, எல்லாம். ஆணி ஒவ்வொன்றும் வெள்ளைக்காரனின் பல் மாதிரி இறுக்கம். மோட்டர் வயரும் அதற்குள்ளேதான் ஓடியிருக்கிறது, இழுத்ததில் அறுந்தது. வெளிச்சமும் போனது. போகட்டும்.

குகன் சரியாக அந்த நேரம் பார்த்து வீடியோவில்.

"ஐயோ அத்தான், குசினியைக் கழட்டினா அது கேம்பர் வானே இல்லை! பேந்து எப்பிடி விக்கிறது?"

"உன்ர கொக்காவோட கதை."

போனைக் கொண்டுபோய் யோகத்திடம் நீட்டினேன். நேற்றில் இருந்து என்னோடு பேச்சு இல்லை. போனை வாங்கினாள்.

"தம்பி, நீ ஆவணியில வந்து பூட்டு. இப்ப கொத்தான் கழட்டட்டும்."

அவ்வளவுதான். போனைத் திருப்பித் தந்துவிட்டு மாப்பிசையப் போனாள். ஆனால் பின்னேரம் ஒரு பழைய சீலையை மடித்து வான் கதவில் கொழுவியிருந்தாள். கக்கூஸ் கதவைக் கழற்றிவிட்டுத் திரை போடச் சொல்கிறாள் என்று விளங்கியது. போட்டேன்.

இருக்கச் சொன்னேன். இருந்தாள். கால் நீண்டது, திரை மூடியது. நீளத்தைச் சோக்குக் கட்டியால் தரையில் கோடு போட்டுக்கொண்டேன். இனித்தான் அளவு எடுக்கிறேன், பார்.

"பிடிக்க ஒண்டும் இல்லையே" என்றாள்.

வாசல் படலைக் குறுக்குக் கம்பியைக் கழற்றி வந்து பூட்டினேன். உயரம் அவளே கையை வைத்துக் காட்டினாள். படலை இப்போது கயிற்றில்.

ஜூன் 9, திங்கள்

வற்றாப்பளைக்குப் போகிற ட்ராக்டர்கள் விடிய விடிய. முத்து வரமாட்டான். சோடாப் பெட்டியே படி. நடுவில் ஒரு சட்டம் அடித்தேன், ஆடாது.

யோகம் காயச் சரக்கு இடித்துப் பொட்டலம் கட்டிவிட்டாள். பிட்டு, கத்தரிக்காய்ப் பொரியல் வாழையிலையில். பேரனுக்கு வெள்ளைச் சட்டை. சம்பந்தி அம்மாவுக்கு ஒரு சீலை. இன்னும் வருகிறேன் என்று வாயால் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

தர்சிக்கும் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

வெளிச்சம் வந்த பிறகே வெளிக்கிட்டோம், வழியில் யானைப் பயம். கண்ணேறு கழிய வான் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து ஏறி நசித்தேன். யோகம் பின்னால் கட்டிலில், ஜன்னல் ஓரம்.

வவுனியாவில் நிறுத்தி, "போகோணுமோ?" என்றேன். வேண்டாம். ஹொரவப்பொத்தானை தாண்டியும் கேட்டேன். வேண்டாம். முகம் வெளிறிக் கிடக்கிறது. நேற்று மத்தியானத்தில் இருந்து ஒரு மிடறு தண்ணீர் குடிக்கவில்லை என்று அப்போதுதான் சொன்னாள். பயணம் என்றால் அவள் பழக்கம் அது. எனக்கு வந்த கோபம்! கொமட்டைப் பூட்டியது பார்த்துக் கும்பிடவா? கத்த வாயைத் திறந்துவிட்டு மூடினேன். செவ்விளநீர் விற்கிற இடத்தில் ஒன்று வெட்டுவித்து நீட்டினேன். என்னைப் பார்த்தாள், இளநீரைப் பார்த்தாள். முழுதும் குடித்தாள்.

திருகோணமலை றோட்டில், சனம் இல்லாத ஒரு மருத மர நிழலில், "நிப்பாட்டுங்கோ" என்றாள்.

நிறுத்தி இறங்கி, வான் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். திரை இழுபட்ட சத்தம். கம்பியைப் பிடித்த சத்தம். ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. மோட்டர் இல்லை, வாளியும் கோப்பையும்தான். ஊற்றிய சத்தமும் கேட்டது. பிறகு ஒன்றும் இல்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. விழுந்துவிட்டாளோ என்று கதவில் கை வைக்கப் போனேன்.

உள்ளே கதைக்கிற சத்தம். போன்.

"ஓம் பிள்ளை, வந்துகொண்டிருக்கிறன்... அம்மாதான், வேற ஆர்... பொய் ஏன் சொல்லுறன்... எங்கயோ? திருகோணமலைப் பக்கம், றோட்டில... இல்லையடி, பஸ் இல்லை. கொமட்டில இருந்துதான் கதைக்கிறன்."

சிரிக்கிறாள். தர்சியும் சிரிப்பது அல்லது அழுவது இங்கே வரைக்கும் கேட்கிறது. யோகம் இப்படிச் சிரித்து நான் எப்போது கேட்டேன்?

கதவைத் தட்டவில்லை. வந்து சாரதி இருக்கையில் இருந்து இதை எழுதுகிறேன். வெயில் ஏறுகிறது, வான் வெக்கை, காற்றாடியும் ஓடாது. இன்னும் கதைக்கிறாள். கதைக்கட்டும்.