எறியக் கூடாத ஓலை

மங்கலம் நிலைக்க, மாரி பொய்யாதிருக்க, விதைத்தவன் கை வெறுங்கையாகாதிருக்க.

மூன்று ஆறு கூடும் வெண்ணாரை நாட்டைக் கலமங்கலம் என்னும் தலைநகரில் வீற்றிருந்து ஆள்பவரும், வெண்குடையும் வேழப்படையும் உடையவரும், பகைவர்க்குக் கோடையும் குடிகளுக்குக் குளிர்நிழலும் ஆனவருமான பெருந்தேவி கொற்றிநங்கையார், தம் உடன்பிறந்த தங்கையும், சுனைமலை நாட்டின் அரசியும், ஒரு துரும்பையும் வீணாக்காதவர் என்று எட்டுத் திசையிலும் புகழப்படுபவருமான பூதிநங்கை நாச்சியாருக்கு விடுக்கும் திருவோலை. புகழப்படுபவர் என்னும் இடத்தில் பெருந்தேவியார் பல்லை நறநறவென்று கடித்தருளினார்.

இதையெல்லாம் ஓலையில் எழுதுவார்களா என்று தாங்கள் வியக்கலாம். எழுதுகிறவன் ஓலைநாயகம் கடம்பன் எயினன், அவன்மேல் குற்றமில்லை. எழுத்தாணி ஓலைமேல் இருக்கையில் அரசர்முன் நிகழ்வது எதுவானாலும் பொறிக்கப்பட வேண்டும் என்பது இந்நாட்டுப் பழைய முறை. முன்பெல்லாம் அதனால் கேடில்லை. ஒரு சொல் பிசகினால் அவ்வோலையை எறிந்துவிட்டு வேறோலை எடுப்போம். ஒரு திருமுகம் முடிவதற்குள் ஒரு கூடை ஓலை குப்பைக்குப் போகும். இப்போதோ பயன்படும் எதையும் எறியலாகாது என்பது பெருந்தேவியாரே இட்ட ஆணை. தொடங்கிய ஓலை போயே தீரவேண்டும். ஆகவே வந்தது வந்தபடி இருக்கும், பொறுத்தருள்க.

தங்கள் மலை நலமா, சுனை நலமா, குடிகள் நலமா என்று பெருந்தேவியார் முறைப்படி வினவுகிறார். அவளுக்கென்ன, எல்லாம் நலமாய்த்தான் இருக்கும் என்றும் உடனே அருளிச்செய்தார்.

இனிக் கருமம். பெருந்தேவியாரின் ஒரே மகளார், இளவரசி சேந்தி, சிற்றன்னையைக் கண்டுவரத் தங்கள் மலைக்கு வந்தவர், நெல் கதிர் வாங்கும் பருவமாகியும் ஊர் திரும்பவில்லை. இவ்வோலை கண்டவுடன் அவரைப் பல்லக்கேற்றி அனுப்பவேண்டும். தவறினால், தங்கள் மலைக்கு உப்பு ஏறும் வழி அடைக்கப்படும். இது ஆணை.

இங்கே பெருந்தேவியார் முத்திரையைக் கையில் எடுத்து, இடாமல் கீழே வைத்து, நடந்ததையும் எழுதும் என்றார். எயினனும் எழுத்தாணியை ஓலையைவிட்டு எடுக்கவில்லை. அரசர்முன் நடந்ததைப் பொறிப்பது ஓலைநாயகத்தின் கடன் ஆதலால், அதையும் பொறித்தான்.

தாங்கள் பிறந்த ஊர், தங்களுக்குத் தெரியாததில்லை. கலமங்கலத்தில் ஒரு வேளை உண்ட சட்டியை மறுவேளை அடுப்பேற்றுவது இழுக்கு. குடித்த குவளை, கிடந்த பாய், விசிறிய விசிறி, எல்லாம் பொழுது விடிந்தால் வாசலில் குவியும். குவியலின் உயரமே குடியின் உயரம். பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது பெண்ணையன்று, குவியலை. இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு ஓட்டாஞ்சில்லைக் கடன் வாங்கித் தங்கள் வாசலில் கொட்டிய கதையும் உண்டு. அப்படிப்பட்ட ஊரில் பிறந்து, மலைநாட்டில் வாழ்க்கைப்பட்டு, தேய்த்துக் கவிழ்த்து வைத்த ஒரே மரக்கிண்ணத்தில் ஆயுள் முழுதும் கஞ்சி குடிக்கும் மக்களுக்கு அரசியானீர்கள். ஐயோ பாவம், பிச்சைக்கார வீட்டில் போய் விழுந்தாளே என்று பெருந்தேவியார் அன்று உச்சுக் கொட்டினார். அந்த உச்சுக்கொட்டலில் ஒரு மகிழ்ச்சியும் இருந்தது என்று இன்று தம் வாயாலேயே சொல்கிறார்.

காலம் திரும்பியது. மண் எடுத்த குழிகள் ஊரைத் தின்ன, சூளைக்கு விறகு தந்த காடுகள் மொட்டையாக, ஆற்றங்கரை நாடுகளெல்லாம் விழித்துக்கொண்டன. வருகிற வணிகன் ஒவ்வொருவனும் சுனைமலை, சுனைமலை என்றான். அங்கே அரசியே கிழிந்த பட்டைத் தைத்து உடுத்துகிறாராம், ஊரில் குப்பை என்ற சொல்லுக்கே வேலையில்லையாம் என்றான். பெருந்தேவியார் கொடுத்த வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னான். கேட்கக் கேட்க இவருக்கு வயிறு பற்றி எரிந்தது. இதை மறைக்க எயினன் ஒரு நல்ல சொல் தேடினான். வயிறு எரிந்தது என்றே எழுதும் ஐயா என்று ஆணையாயிற்று.

அந்த எரிச்சலில் பிறந்ததே எறியாமை ஆணை. தங்கள் தூதர் வரும் நாளுக்குள் கலமங்கலத்து வாசல் எதிலும் குவியல் இருக்கலாகாது. மண்சட்டி ஒழிந்து, தலைமுறைக்கும் உழைக்கும் வெண்கலமே வீடுதோறும் விளங்கவேண்டும் என்று பறையறையப்பட்டது. வெண்கலம் உருக்கக் கரி வேண்டும்; கரிக்குத் தென்கரை இலுப்பைத் தோப்பு விழுந்தது. மண்சட்டி ஒழியவேண்டும் என்றால் எங்கள் குடிகளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதானே! நல்ல சட்டி, விரிசல் விடாத பானை, நேற்று முடைந்த பாய், எல்லாவற்றையும் ஒரே வீச்சில் எறிந்தார்கள். வாசலில் கிடந்தால்தானே குற்றம் என்று பேரேரியில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். எறியலாகாது என்ற ஆணைக்காக இவ்வூர் எறிந்ததைப் போல இவ்வூர் என்றுமே எறிந்ததில்லை.

தூதர் வந்தார்கள். ஊர் துடைத்துவிட்டாற்போல் இருக்கிறது என்றார்கள். பெருந்தேவியாருக்குத் தலைகால் புரியவில்லை.

ஏரி மதகு அடைத்துக்கொண்டது. சட்டியும் பாயும் சேறும் இறுகி, கடைமடைக்கு ஒரு கை நீர் போகவில்லை. பயிர் சூல்கொண்டு பூட்டைவிடும் நேரம். கடைமடைக் குடியான ஒருத்தி அவைக்கு வந்து, வணங்கவும் மறந்து, ஆத்தா, உங்க ஊரு எச்சிச் சட்டி எங்க வயித்துல வந்து அடைச்சிருக்கு, கொஞ்சம் எடுத்துவிடச் சொல்லுங்க என்று முறையிட்டாள். வெண்கலம் வந்த மகிழ்ச்சியில் இருந்த அவை அவளைப் பிறகு வரச்சொன்னது.

பிறகு வரச்சொன்னதைக் கேட்டுக்கொண்டு நின்றவர் இளவரசி சேந்தி. அவர் அவை நடுவே வந்து, சிற்றன்னை எறியாமல் பேர் வாங்கினார், தாங்களோ பேர் வாங்குவதற்காக எறிந்தீர்கள் என்று தாயாரிடம் சொன்னார். மற்ற எதைச் சொல்லியிருந்தாலும் பெருந்தேவியார் பொறுத்திருப்பார். பெற்ற மகள் வாயில் அந்தப் பேர் வந்ததே, அதுதான் பொறுக்கவில்லை. அவ்வளவு இனிக்கிறதென்றால் அவளிடமே போய்ச் சேர் என்றார். இளவரசி போய்ச் சேர்ந்தார். கண்டுவரப் போனார் என்று மேலே எழுதியது மானத்தைக் காக்க எழுதியது.

மதகு அடைத்தது கேட்டுத் தாங்கள் ஆளும் கூடையும் அனுப்பினீர்கள். எல்லையிலேயே திருப்பி அனுப்பப்பட்டார்கள். அது தவறு என்று அமைச்சர்கள் சொன்னார்கள். தவறுதான், ஆனால் அவள் ஆள் வந்து என் ஏரியைத் திறந்தால் அந்தப் பாட்டையும் நான் காலமெல்லாம் கேட்கவேண்டும் என்றார் பெருந்தேவியார். அரண்மனைக் காவலரையும் சமையற்காரரையும் அழைத்துக்கொண்டு தாமே சேற்றில் இறங்கினார். இடுப்பளவு சேற்றில் நின்று பாய்களை உருவினார். ஓட்டாஞ்சில்லு குத்தி இடக்கால் புண்ணாயிற்று. நீர் போயிற்று. கடைமடையில் பாதி கருகிவிட்டது, பாதி பிழைத்தது. முறையிட வந்தவளின் வயல் கருகிய பாதியில் இருக்கிறது. அவள் வீட்டுக்கு இவ்வாண்டு நெல் அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து போகும். போனாலும் அவள் இன்னும் இவர் முகத்தைப் பார்ப்பதில்லை.

காலில் பட்ட புண்ணை இளவரசியிடம் சொல்லலாகாது. இரக்கப்பட்டு வருகிறவளாக அவள் வரவேண்டாம் என்பது கட்டளை.

இதற்குமேல் உள்ளவை ஓலைக்குரிய நடையில் இல்லை. பெருந்தேவியார் சொன்னபடியே எழுதப்படுகிறது.

பூதி, சின்னஞ்சிறு வயதில் நான் உடுத்துக் கழித்த பாவாடையெல்லாம் உனக்கு வரும். எனக்கு அழுக்காய்த் தெரிந்தது உன் இடுப்பில் ஏறினால் புதிதாகிவிடும். ஊரே உன்னைத்தான் பார்க்கும். கழித்ததை எடுத்துக்கொண்டு பேர் வாங்குவது உனக்கு அன்றைக்கே கைவந்த கலை. பாவாடை போகட்டும். சேந்தி நான் கழித்தவள் இல்லை. கோபத்தில் போ என்றேன். சட்டியையும் பாயையும் தூக்கிப் போட்டுப் பழகிய வாய், அது பாட்டுக்கு வந்துவிட்டது. போ என்று நான் சொன்னதற்கு, வா என்று நீ சொல்லியிருக்கக் கூடாது.

அங்கே அவள் தலையை யார் வாருகிறார்கள்? இடப்பக்கம் ஒரு சுழி உண்டு. அழுத்தி வாரினால் வலி தாங்கமாட்டாள். வலிக்கிறது என்றும் சொல்லமாட்டாள், உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இது உனக்கு முன்பே தெரியும் என்றால், தெரியும் என்று எனக்கு எழுதிவிடாதே.

பெருந்தேவியார் முகத்தைத் துடைத்துக்கொண்டு மீண்டும் அரியணையில் நிமிர்ந்தார். இனி அரச வாக்கு.

உப்பு வழி அடைக்கப்படும் என்று மேலே பொறித்ததைச் சுரண்டி எடுக்க வழியில்லை; ஆயினும் அது செல்லாது. உப்பு வண்டிகள் வழக்கம்போல் ஏறும். தங்கள் ஆட்களை எல்லையில் திருப்பியதற்குப் பெருந்தேவியார் வருந்துகிறார். இதைச் சொல்ல அவருக்கு நெடுநேரம் பிடித்தது. தென்கரைத் தோப்பில் நடுவதற்கு இலுப்பைக் கன்று இந்நாட்டில் இல்லை. தங்கள் மலையில் இருந்தால் தரவேண்டும்; கேட்பதற்கு மனம் வரவில்லை, ஆயினும் கேட்கிறார்.

இளவரசியைப் பல்லக்கேற்றி அனுப்பவேண்டா. வருவதும் வராததும் அவர் விருப்பம். மறுமொழி ஓலை மட்டும் தங்கள் கையெழுத்தில் வரலாகாது. சேந்தியின் கையெழுத்தில் வரவேண்டும். வரமாட்டேன் என்ற ஒரே சொல்லாயினும் ஆகுக. அந்தச் சொல்லை அவள் எழுதும்போது தாங்கள் அருகில் அமர்ந்திருக்கவேண்டா.

இவை கடம்பன் எயினன் எழுத்து. பெருந்தேவியார் தம் திருக்கையால் முத்திரை இட்டார். இதுவே ஆணை, மங்கலம்.