வெளிச்சத்துக்குப் பயந்தவனுக்கு

மச்சான்,

இன்று காலை எங்கள் தெருவில் கவுன்சில் குப்பை லொறி பழுதாகி நின்றுவிட்டது. அக்கம்பக்கச் சனமெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு போக, நான் மட்டும் கேற்றடியில் நின்று அந்த நாற்றத்தை இழுத்து இழுத்து மணந்துகொண்டிருந்தேன். மனைவி ஜன்னலால் எட்டிப் பார்த்து, "உங்களுக்கென்ன விசரே?" என்று கேட்டாள். ஊறிய குப்பையும் டீசலும் கலந்த வாசம் அது. உன் செத்தவீடு முடிந்து இத்தனை கிழமைக்குப் பிறகு, இன்றுதான் நீ பக்கத்தில் வந்து நின்றது போலிருந்தது.

லண்டன் ஸ்ட்ரெதத்தில் ஒரு கலியாண வீட்டில் நீ அவிழ்த்துவிட்ட புளுகு ஞாபகமிருக்கிறதா? "நாங்கள் கப்பலிலை வேலை" என்றாய். பெண் வீட்டுக்காரர் எங்களுக்கு இன்னொரு தரம் பாயாசம் ஊற்றினார்கள். எண்பதுகளின் கடைசியில் நாம் பார்த்த வேலையோ, லண்டனின் குப்பையைத் தேம்ஸ் வழியே கொண்டுபோவது. எங்களுடையது டக் எனப்படும் குட்டி எஞ்சின் படகு. அதன் முன்னால் பார்ஜ் எனப்படும் நீண்ட தட்டை இரும்புப் படகுகளை இணைத்துக் கட்டி, பெட்டி பெட்டியாகக் குப்பை ஏற்றி, வற்று நீரோடு கடல் பக்கம் தள்ளிக்கொண்டு போவோம். பாரம் ஏறிவிட்டால் அதைச் சட்டென்று நிறுத்த ஏலாது. பின்னாலிருந்து ஆறும் சேர்ந்து தள்ளும்.

பனிப்புகார் மூடினால் பின்னால் டக்கை ஓட்டும் ஸ்கிப்பருக்கு முன் பார்ஜின் தலைப்பு தெரியாது. ஆகவே ஒருவன் வோக்கிடோக்கியோடு அந்த நுனியில் போய் நின்று, கண்டதையெல்லாம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்றுமே தெரியாவிட்டாலும் "கிளியர், கிளியர்" என்று சொல்ல வேண்டும். வாயை மூடினால் ஆள் தண்ணீரில் என்று அர்த்தம். முன்னால் விழுந்தவன் பார்ஜுக்குக் கீழே போவான், அவ்வளவுதான்.

நான் கிணற்றுத் தண்ணீரில் குளித்து வளர்ந்தவன், நீச்சல் தெரியாது. ஆற்றைப் பார்த்தாலே பயம். நீ கடற்கரை ஊர்க்காரன், மீன்மாதிரி நீந்துவாய். புகார் நாட்களில் ஸ்கிப்பர் கேட்பதற்கு முன்னமே வோக்கியை எடுத்துக்கொண்டு முன்னுக்கு நடப்பாய். உனக்குப் பயமென்பதே இல்லையென்று நம்பி, மனதுக்குள் கொஞ்சம் எரிச்சலும் பட்டிருக்கிறேன்.

அந்தத் தை மாதப் பின்னேரம் வரைக்கும்.

தேத்தண்ணி நேரத்துக்கே இருண்டுவிட்டது. புகார் வேறு. நான் ஸ்கிப்பருக்குப் பக்கத்தில் நின்றேன். வோக்கியில் உன் குரல் வந்துகொண்டிருந்தது: "கிளியர்... கிளியர்..." இடப்பக்கம் எங்கோ ஒரு பொலிஸ் படகின் எஞ்சின் கேட்டது. அதன் பெரிய விளக்கு புகாருக்குள் ஒருதரம் சுழன்று எங்கள் பார்ஜின் மேல் விழுந்தது. உன் குரல் நின்றது.

ஸ்கிப்பர் உன்னைக் கூப்பிட்டார். திரும்பவும் கூப்பிட்டார். முன்னால் புகாருக்குள் மங்கலாகத் தெரிந்த எங்கள் விளக்கின் வெளிச்சமும் அணைந்ததுபோல் மறைந்தது. அவர் எஞ்சினைப் பின்னுக்குப் போட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கத்தினார், ஓடு, போய்ப் பார் என்று. எதிரே ஏதோ ஒரு பாலம் வரப்போகிறது என்பது இருவருக்கும் தெரியும்.

பார்ஜின் விளிம்பு ஒரு பாதம் வைக்கத்தான் காணும். ஒரு பக்கம் குப்பைப் பெட்டி, மறுபக்கம் கறுப்புத் தண்ணீர். பெட்டிகளைத் தடவித் தடவி நடந்தேன். நீ போய்விட்டாய், இந்த நேரம் என் காலுக்குக் கீழேதான் உருண்டு வருகிறாய் என்றே நினைத்தேன். கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்த உன் மனைவிக்கும் பிள்ளைக்கும் யார் டெலிபோன் எடுப்பது என்றும் நினைத்தேன்.

நீ நுனியில் குப்புறக் கிடந்தாய். உன் ஜக்கெற்றைக் கழற்றி விளக்கை மூடியிருந்தாய்.

"மச்சான், என்னடா?"

"படு. தலையைத் தூக்காதை. நேவியடா."

"இது தேம்ஸடா! எழும்பு!"

"சத்தம் போடாதை. வெளிச்சம் போகட்டும்."

என் காலைப் பிடித்து இழுத்தாய். உன் கை ஐஸாகக் குளிர்ந்திருந்தது. நான் ஜக்கெற்றைப் பிடுங்கி எறிந்தேன். விளக்கு வந்ததும் நேர் எதிரே பாலத்தின் தூண் நின்றது. வோக்கியைப் பறித்தேன். படித்த இங்கிலிஷ் எல்லாம் எங்கோ போய்விட்டது. "பிரிட்ஜ்! பிரிட்ஜ்! லெஃப்ட்!" என்று மட்டும் குழறினேன். ஸ்கிப்பர் திருப்பினார். பார்ஜின் பக்கம் தூணில் உரசிய சத்தம் என் பல்லுக்குள் கேட்டது. பிறகு பாலம் எங்களுக்குப் பின்னால் போயிற்று. பொலிஸ்காரர், விளக்கைக் கவனியுங்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டுத் தங்கள் பாட்டில் போனார்கள்.

டக்குக்குத் திரும்பியதும் ஸ்கிப்பர் என்ன நடந்தது என்று உன்னைக் கேட்டார். பயந்துவிட்டேன் என்று சொன்னால் ஆற்றில் உனக்கு இனி வேலையில்லை. வேலையில்லாதவன் குடும்பத்தை எப்படிக் கூப்பிடுவது? நீ "சறுக்கி விழுந்திட்டன்" என்றாய். அவர் உன் முகத்தை நெடுநேரம் பார்த்தார். சீனி அள்ளிப் போட்டு ஒரு தேத்தண்ணி தந்து, அடுத்த முறை விழுந்தால் வோக்கிப் பட்டனை அமுக்கிக்கொண்டு விழு என்றார்.

இந்தியாவுக்குக் கள்ளமாகக் கடல் கடந்த இரவைப் பற்றி அன்று ஒரேயொருதரம் சொன்னாய். "நேவிக்காரங்கள் லைட் அடிச்சவங்கள். என்ரை தம்பி பயத்திலை எழும்பினவன். படுத்துக் கிடந்த ஆக்கள்தான் கரைக்குப் போனம்." கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, "மனிசிக்கும் பிள்ளைக்கும் சொல்லிப்போடாதை. என்னைப் பெரிய ஆளெண்டு நினைச்சுக்கொண்டு இருக்குதுகள்" என்றாய். "ஓம்" என்றேன். ப்ளேன் ஏறி வந்தவன் நான், வேறென்ன சொல்ல?

அதற்குப் பிறகு நீ அந்த இடத்தை விட்டுவிடுவாய் என்று நினைத்தேன். நீயோ மறுநாளும் வோக்கியை எடுத்தாய். தொண்ணூறுகளில் நாம் இருவரும் ஆற்றை விட்டுக் கரைக்கு வரும்வரை, ஒவ்வொரு மாரியும் அந்த நுனியில் நீதான். பொலிஸ் படகின் விளக்கு விழும்போதெல்லாம் வோக்கியில் உன் குரல் உயரும்: "கிளியர் கிளியர் கிளியர் கிளியர்" என்று மூச்சுவிடாமல் சொல்வாய். ஸ்கிப்பர் சிரிப்பார். நானோ, விளக்கு விலகும்வரை வோக்கியை விட்டுக் கண்ணெடுக்க மாட்டேன். என்னை விடப் பயந்த மனிதன் அந்தப் படகில் நீதான், மச்சான்.

போன மாதம் உன் செத்தவீட்டில், குட்மேய்ஸில் இருக்கும் உன் மகள் பேசினாள். பாதி இங்கிலிஷ், பாதி தமிழ். "அப்பாவுக்கு ஒண்டுக்கும் பயமில்லை. கடலுக்கும் பயமில்லை, ஆத்துக்கும் பயமில்லை" என்று சொல்லி அழுதாள். சனம் தலையாட்டியது. பேசி முடித்து என்னிடம் வந்து, "மாமா, நீங்களும் ஏதும் சொல்லுங்கோவன். உங்களுக்குத்தானே அப்பாவை நல்லாத் தெரியும்" என்றாள்.

எழும்பிச் சொல்ல வாய் உன்னியது. பிள்ளை, உன் அப்பா ஒவ்வொரு நாளும் செத்துச் செத்துத்தான் அந்த நுனிக்கு நடந்தவர், உன்னைக் கூப்பிடுவதற்காக நடந்தவர், நீ வந்த பிறகும் நடந்தவர் என்று. நான் அவளுடைய தலையைத் தடவிவிட்டு, "ஓம் பிள்ளை, நீ சொன்னது சரி" என்றேன்.

நீ கேட்டபடி இதுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை. உன் பயம் இப்போது என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. எனக்கும் வயது போகிறது. அவளுக்குச் சொல்லாமலே நான் கண்ணை மூடினால், நீ எவ்வளவு பெரிய ஆள் என்று அவளுக்குத் தெரியாமலே போய்விடும்.