அலை புறப்பட்ட நேரம்

அன்புள்ள அம்மாவுக்கு,

ஆண்டவர் அருளால் நான் சுகம். உங்கள் முழங்கால் நோ குறைந்ததா? அப்பா கண்ணுக்கு மருந்து விடுகிறாரா?

போனில் சொன்னால் இருவரும் அழுவோம் என்பதால் எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை வகுப்பில், சுனாமி அலை முல்லைத்தீவுக்கு வர எவ்வளவு நேரம் எடுத்தது என்று கணக்கிடச் சொன்னார்கள். விடை ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் என்று வந்ததும் எழுந்து வெளியே போனேன். பயப்பட ஒன்றுமில்லை, தண்ணீர் குடித்துவிட்டு நின்றேன். கூடப் படிக்கும் கிளிநொச்சி ராஜினி பின்னால் வந்தாள். என் கழுத்துச் செபமாலையைப் பார்த்து, "இவ்வளவு படிச்சும் கடவுளை நம்புறீரோ?" என்று கேட்டாள்.

"ஓம். படிச்சாப் பிறகுதான் இன்னும் கூட நம்புறன்," என்றேன்.

அதன் காரணத்தை உங்களுக்குத்தான் சொல்ல வேண்டும். சுனாமி வந்த அந்த ஞாயிறு டிலக்ஸன் அண்ணாவைப் பூசைக்கு அனுப்பாமல் கடற்கரையில் விளையாட விட்டதால்தான் கடவுள் அவரை அலையில் எடுத்து உங்களைத் தண்டித்தார் என்று இருபது வருடமாக நற்கருணை வாங்காமல் இருக்கிறீர்கள். அம்மா, அண்ணா வீட்டைவிட்டு இறங்குவதற்கு வெகுநேரம் முன்பே, சுமாத்திராப் பக்கம் கடலடிப் பாறை நழுவி அலை புறப்பட்டுவிட்டது. அந்தப் பாறை பல நூறு வருடமாக அழுத்தத்தில் இறுகிக்கொண்டிருந்தது. உங்களில் கோபித்து யாரும் அதை அனுப்பவில்லை. அண்ணா ஏன் போக வேண்டும் என்று எனக்கும் தெரியாது. அதைச் செபத்தில் கேட்கிறேன்.

பேராதனையில் பின்னேரமானால் குளிர்கிறது. போர்த்திக்கொள்ள உங்கள் சேலை ஒன்று அனுப்புங்கள். புதியது வேண்டாம், நீங்கள் உடுத்தது.

விரிவுரைக்கு நேரமாகிவிட்டது. இந்த ஞாயிறு நற்கருணை வரிசையில் நில்லுங்கள் அம்மா. நானும் இங்கே நிற்பேன்.

மகள்,
நிதர்சனா