பிளக்கைத் துடைத்தது நான்தான்

சுந்தர் அண்ணா,

அம்மாவும் நானும் திருச்சிக்குப் புறப்பட்டுவிட்டோம். பெரியம்மாவின் உடைந்த கால் கூடும்வரை அங்கேதான் இருப்போம். சோறு வடித்திருக்கிறது. மீன்குழம்புச் சட்டியின் மேல் பூனைக்காகக் கல் வைத்திருக்கிறேன்.

நேற்று என்ன கத்தல் கத்தினாய்! "எட்டாங்கிளாஸோட நின்னவ எனக்கு இன்ஜின் சொல்லித் தர்றியா? பெரிய கார்புரேட்டர் மாட்டினதுலேர்ந்து வண்டி பறக்குதே, கண்ணு தெரியல?" என்றாய். நேரில் சொன்னால் நீ கேட்கமாட்டாய். அதனால் எழுதுகிறேன்.

காரில் மாட்டினாய் சரி, அதற்கேற்றபடி ட்யூன் செய்யவில்லையே. பெட்ரோல் அதிகமாக இறங்கி ஸ்பார்க் பிளக்கில் கரி பிடிக்கிறது. வாரம் முடிவதற்குள் வண்டி சோர்ந்துவிடுகிறது. சனிக்கிழமைதோறும் நீ கிரிக்கெட்டுக்குப் போனதும், நீ காட்டித் தந்தபடியே பிளக்குகளைக் கழற்றித் துடைத்து வைப்பேன். ஞாயிறு ஆராதனை முடிந்து வண்டலூர் வரை நாம் பறந்தது அதனால்தான். வேகமாகப் போனால்தான் நீ சிரிக்கிறாய். அந்தச் சிரிப்பைப் பக்கத்து சீட்டில் இருந்து பார்க்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

இனி துடைக்க ஆளில்லை. மெக்கானிக் ஹாஜா பாயிடம் வண்டியைக் காட்டு.

தபீதாள்

குழம்பைச் சுடவைத்துச் சாப்பிடு.

காட்ட மனமில்லாவிட்டால் விடு. நான் திரும்பும் அன்று தாம்பரம் ஸ்டேஷனுக்கு நீயே வா. வண்டி மெதுவாகப் போகட்டும், வீடு வரை அதிக நேரம் உன் பக்கத்தில் உட்கார்ந்து வரலாம்.