எதிர் வெயிலில் ஒரு படம்

ஜனவரி 9, வெள்ளி இரவு

காலையில் பனிமூட்டத்தைக் கிழித்துக்கொண்டு தேயிலை மலையில் வெயில் கதிர் கதிராக இறங்கியது. கல்யாண வீடுகளில் மாப்பிள்ளையின் வழுக்கையை மறைத்துப் படம் பிடிக்கிறவனுக்கு அது போதாதா? கலைஞனாகிவிட்டேன். காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுக்க ஓடிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு சரோஜாக்காவை மறித்தேன்.

"ரெண்டே நிமிஷம், அந்த வெளிச்சத்துல நில்லுங்கக்கா."

பனி மூடுவதும் விலகுவதுமாக இருபது நிமிஷம் ஆகிவிட்டது. அக்கா போனபோது பேர் எழுதி முடித்திருந்தார்கள். பிந்தி வந்த ஆளுக்கு வேலை இல்லை என்று கணக்கப்பிள்ளை திருப்பி அனுப்பிவிட்டார். காய்ச்சலோடுகூட வேலைக்குப் போகிற மனுஷி.

சாயங்காலம் மன்னிப்புக் கேட்கப் போனேன். வெட்கம் கெட்டவன், ஃபேஸ்புக்கில் போட்ட படத்தை ஊரே புகழ்வதையும் சேர்த்துச் சொன்னேன். அக்கா போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இதுல நான் எங்க தம்பி? கரிக்கட்ட மாதிரி ஒன்னு நிக்குது."

"எதிர் வெயில்ல அப்பிடித்தான் தெரியுங்கக்கா."

"மூஞ்சி தெரியாதுன்னா நீங்களே போயி நின்னிருக்கலாமே?"

நின்றிருக்கலாம்தான். தானாகவே எடுக்கிற வசதியும் கேமராவில் இருக்கிறது. என் தொப்பை அந்த வெளிச்சத்தைக் கெடுத்துவிடும் என்றுதான் அக்காவை நிறுத்தினேன். அதை மட்டும் சொல்லாமல் வந்துவிட்டேன்.